பத்து விரல் பாவாடை

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகிற சாலையில், மலை கண்ணுக்குத் தெரிந்துவிட்ட பிறகும் பஸ் இன்னும் வெகுநேரம் உருண்டுகொண்டே இருக்கிற ஓர் இடத்தில், அடிவாரம் மரவள்ளி உற்பத்தியாளர் கூட்டுறவு ஜவ்வரிசி ஆலை இருந்தது. அந்த ஆலையில் வேறு எதற்குப் பஞ்சம் வந்தாலும் பாதுகாப்புக்குப் பஞ்சம் வந்ததில்லை. கேட்டில் 'பாதுகாப்பே முதல் பணி' என்று ஒரு பலகை. உள்ளே நுழைந்ததும் 'பாதுகாப்பு நம் உயிர்மூச்சு' என்று இன்னொரு பலகை. இந்த இரண்டாவது பலகை ஒரு நாள் ஆடிக் காற்றில் கழன்று வாட்ச்மேன் தலையில் விழுந்தது. வாட்ச்மேனுக்குத் தையல் போட்டார்கள். பலகைக்குப் புதிதாக வர்ணம் அடித்தார்கள்.

பாதுகாப்புக்கென்று ஓர் அலுவலரும் இருந்தார். பெயர் காசிநாதன். அதற்கு முன்னால் சாக்குக் கிடங்குக்குப் பொறுப்பாக இருந்தவர். சாக்குகள் ஓயாமல் காணாமல் போனதால், காணாமல் போவதற்கு எதுவுமே இல்லாத ஒரு பதவியாகப் பார்த்து அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று நிர்வாகம் தீர்மானித்தது. தேடிப் பார்த்ததில் பாதுகாப்புத்தான் அகப்பட்டது. பதவியேற்ற அன்றே அவர் மஞ்சள் தலைக்கவசம் ஒன்றை வாங்கி மேசைமேல் வைத்தார். தினமும் அதன்மேல் ஒரு சாமந்திப் பூ வைப்பார். வேறு யாரும் அதைத் தொடக் கூடாது.

பாவாடை அந்த ஆலையில் தினக்கூலி. கிழங்கு மூட்டை தூக்குகிற வேலை. தினக்கூலிகள் எல்லாரும் விடிந்ததும் கேட்டுக்கு வெளியே வரிசையாக நிற்க வேண்டும். மேலாளர் ராஜாங்கம் பல்லைக் குத்திக்கொண்டே வந்து, "நீ, நீ, நீ" என்று விரலை நீட்டுவார். விரல் யாரைக் காட்டியதோ அவன் உள்ளே போகலாம். மற்றவன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு கரும்பு வெட்டவோ களை எடுக்கவோ போக வேண்டும். நிரந்தரத் தொழிலாளிகளுக்கு இந்த வரிசை கிடையாது. அவர்கள் பீடியை அணைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல், யாராலும் பார்க்கப்படாமல் உள்ளே போய்விடுவார்கள். பாவாடைக்கு இந்தப் பூமியில் இருந்த ஒரே ஆசை, ஒரு நாள் அப்படி உள்ளே போய்விட வேண்டும் என்பது. கல்யாணம் ஆனதிலிருந்து அவன் மனைவி செல்லியம்மாள் அந்த ஆசையைக் கேட்டுக் கேட்டு, இப்போது அது அவளுடைய ஆசையாகவும் ஆகிவிட்டது.

ஆலையின் தலைவர் பொன்னுரங்கம். நைனார்பாளையம் பக்கத்தில் அவருக்கு இல்லாத நிலத்தைச் சொல்வது சுலபம். பாவாடையின் அப்பன் அவருடைய காட்டில்தான் உழைத்துச் செத்தான். அவர் எதிரே வந்தால் பாவாடையின் கை தானாகவே தோள்மேல் இருக்கிற துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொள்ளும். யாரும் இப்போது அப்படிச் செய்யச் சொல்வதில்லை. செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று அவனும் சோதித்துப் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம் ஆலைக்குப் புது மோட்டார் வந்தது. கிழங்கு அரைக்கிற கிரஷரைப் பழைய மோட்டார் பெல்ட் போட்டு இழுத்துக்கொண்டிருந்தது. புது மோட்டார் கிரஷருக்கு நேராக உட்கார்ந்து, அச்சோடு அச்சு சேர்ந்து, கப்ளிங் என்கிற இரும்பு வட்டால் இணைந்து ஓட வேண்டும். எப்படி உட்கார வைப்பது, எப்படி இணைப்பது, எதை முதலில் செய்வது என்று மோட்டாரோடு ஒரு சிறு புத்தகம் வந்தது. காசிநாதன் அதை இரண்டு கையாலும் வாங்கி, சந்தனப் பொட்டு வைத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பாதுகாப்பு நூல் கண்ட கண்ட கையில் அழுக்காகக் கூடாது என்றார்.

பிட்டர் செல்லமுத்துவும் நாலு ஆட்களும் செயின் பிளாக்கில் மோட்டாரைத் தூக்கி அடித்தளத்தில் இறக்கினார்கள். இறக்கியதும் செல்லமுத்து குந்தி உட்கார்ந்து பார்த்தான். மோட்டாரின் நாலு காலில் ஒன்று தரையில் படவில்லை.

"சார், ஒரு காலு ஒக்காரல. காத்து பூந்துக்கினு போவுது பாருங்க" என்றான் மேலாளரிடம். "அடியில தகடு குடுக்கணும்."

"தகடுக்கு டெண்டர் வுடணும். மூணு மாசம் ஆவும்" என்றார் ராஜாங்கம். "எவ்ளோ தூக்கிக்கினு இருக்குது?"

"நாலஞ்சி அட்ட கனம் இருக்கும் சார்."

"அட்ட கனம்தான? அட்டயே வைய்யேன்."

பாதுகாப்பு வாரத்தில் நடக்கவிருந்த மோட்டார் இணைப்பு விழாவுக்காக அச்சடித்த அழைப்பிதழ்கள் மிச்சம் இருந்தன. நல்ல வழவழப்பான அட்டை. நாலைந்தை மடித்து அந்தக் காலுக்குக் கீழே செருகினார்கள். மேலே இருந்த அட்டையில் தலைவரின் படம் இருந்ததால், படம் கசங்காமல் இருக்க அதை மட்டும் திருப்பி வைத்தார்கள். கப்ளிங்குக்குச் சரியான அளவு போல்ட் கிடங்கில் இல்லை. நீளமான போல்ட்தான் இருந்தது. அதன் முனைகள் வட்டுக்கு வெளியே விரல் அளவுக்கு நீட்டிக்கொண்டு நின்றன. செல்லமுத்துவுக்கு அது தப்பென்று தெரியும். போன தடவை தெரிந்ததைச் சொன்னதற்கு அவனை ஒரு மாதம் கொதிகலனுக்குச் சாம்பல் அள்ள அனுப்பியிருந்தார்கள். அதனால் இந்தத் தடவை முடுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

அச்சு நேராக இருக்கிறதா என்று பார்க்கத் தலைவரே வந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மறு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "நேராத்தான்யா இருக்குது" என்றார். அச்சு நேராக இருக்கிறது என்று பாதுகாப்புத் துணைக்குழு ஒரு மனதாகத் தீர்மானம் போட்டது.

மோட்டாரைத் தனியாக ஓட்டி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கப்ளிங்கை மாட்ட வேண்டும். இது புத்தகத்தில் இருந்தது. புத்தகம் பெட்டிக்குள் இருந்தது. எனவே மாட்டிவிட்டு ஓட்டினார்கள். கிழங்கு நன்றாகவே அரைந்தது. ஆனால் மோட்டாரின் பின்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த தலைவரின் முகம் சுருங்கிப்போனது.

"இன்னாய்யா இது, இடம் சுத்துது?"

"கிரஷர் அப்படித்தாங்க சுத்தணும்" என்றார் ராஜாங்கம்.

"கோயில சுத்தறோம், வலம். தேரு வலம். இடம் சுத்தறது சுடுகாட்டுலதான்யா. என் தலைமையில ஒரு மோட்டாரு இடம் சுத்தக் கூடாது. மாத்துங்க."

ஒயரை மாற்றிக் கொடுத்தார்கள். மோட்டார் வலம் சுற்றியது. கிரஷரின் பல் எல்லாம் எதிர்ப்பக்கம் பார்த்திருந்ததால் கிழங்கு அரைபடவில்லை; போட்ட வழியாகவே வேகமாகத் திரும்பி வந்தது. அதில் ஒன்று கணக்குப்பிள்ளையின் நெற்றியில் பட்டு அவர் மல்லாந்துவிட்டார். விபத்து என்று எழுதினால் மாவட்ட அலுவலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அதனால், 'கணக்கர் கிழங்கை நேரில் ஆய்வு செய்தார்' என்று எழுதினார்கள்.

கிழங்கு அரைய வேண்டும். மோட்டாரும் வலம் சுற்ற வேண்டும். மூன்று கூட்டம் போட்டும் வழி தெரியவில்லை. கடைசியில் காசிநாதன்தான் கண்டுபிடித்தார்.

"தலைவரே, நாம பின்னாடி நின்னு பாக்கறோம், இடமாத் தெரியுது. அதே மோட்டார முன்னாடி, கிரஷர் பக்கமா நின்னு பாருங்க. வலமாத் தெரியும். மோட்டார மாத்த வேணாம். விழா மேடைய அந்தப் பக்கம் மாத்திக்கலாம்."

கூட்டம் அசந்துபோனது. பொன்னுரங்கம் எழுந்து வந்து காசிநாதனின் முதுகில் தட்டினார். இதுதான் அறிவு என்றார். ஒயர்களைப் பழையபடி மாற்றினார்கள். மோட்டாருக்கும் கிரஷருக்கும் நடுவில், கப்ளிங்கை ஒட்டினாற்போல் ஒரு சந்து இருந்தது. வலம் சுற்றுவது தெரிகிற ஒரே இடம் அதுதான். அந்தச் சந்தில் பலகை போட்டு மேடை கட்டினார்கள். மேடைமேல் நின்றால் கப்ளிங் முழங்காலுக்குச் சற்று மேலே, கை தொங்குகிற தூரத்தில் இருந்தது.

இன்னொரு தடங்கல் வந்தது. கப்ளிங்குக்கு மேலே ஓர் இரும்பு மூடி போட்டிருந்தார்கள். யாருடைய கையோ துணியோ போய் மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்த மூடி. மூடி இருந்தால் வலம் சுற்றுவது எப்படித் தெரியும்? மூடியைக் கழற்றினார்கள். கழற்றியதை வீணாக்காமல் பளிச்சென்று மஞ்சள் வர்ணம் அடித்து, பாதுகாப்புக் கண்காட்சியில் நடு மேசையில் வைத்து, மாலை போட்டார்கள். கண்காட்சியில் அதற்கே முதல் பரிசு கிடைத்தது.

எனக்கு இந்தக் கண்காட்சிகளைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஆனால் என் கோபத்தை யார் கேட்டார்கள்? கதைக்கு வருகிறேன்.

பாதுகாப்பு வாரத்தில் 'சிறந்த பாதுகாப்புத் தொழிலாளி' என்று ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தியாக வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. ஆளைத் தேர்ந்தெடுக்கக் காசிநாதன் தொழிலாளிகள் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, கையை நீட்டச் சொன்னார். விரல்களை எண்ணிக்கொண்டே போனார். கிரஷர்காரர்களுக்கு ஒன்று இரண்டு குறைந்தது. செல்லமுத்துவுக்கு இடது கையில் சுண்டு விரலும் பக்கத்து விரலும் இல்லை. உலர்களத்து ஆளுக்குக் கட்டை விரல் பாதிதான். நிரந்தரத் தொழிலாளிகளில் முழுசாக ஒருவன் தேறவில்லை.

"இன்னாய்யா இது, ஒருத்தனுக்குக் கூட பத்து இல்லியா?" என்றார் ராஜாங்கம்.

வரிசையின் கடைசியில் பாவாடை நின்றிருந்தான். அவனுக்குப் பத்தும் இருந்தது. தினக்கூலிகளை மெஷின் பக்கம் விடக் கூடாது என்ற விதியினால் மிச்சமான விரல்கள் அவை. மூட்டை தூக்கி அவன் முதுகெலும்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. முதுகெலும்பை எண்ணச் சொல்லி உத்தரவில் இல்லை.

"இவனுக்கே குடுத்துடலாம்" என்றார் ராஜாங்கம். பாவாடையைப் பார்த்து, "டேய், பரிசு வாங்கறவன் தினக்கூலின்னா நல்லா இருக்காது. விழா முடியட்டும், உன்ன நிரந்தரம் பண்றத பாக்கறேன்" என்றார்.

அன்று சாயங்காலம் பாவாடை சைக்கிளை மிதித்ததாகவே அவனுக்கு நினைவில்லை.

"பரிசா? உனக்கா? இன்னாத்துக்குய்யா?" என்றாள் செல்லியம்மாள். அவள் கிழங்குக் கொல்லையில் களைவெட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள்.

"வெரல் எல்லாம் இருக்குதாம்."

"எனக்குந்தான் இருக்குது. எனக்கு யாரு குடுத்தா?"

"அதுக்கில்ல செல்லி. நிரந்தரம் பண்றேன்னு சொல்லிக்கினு இருக்காரு. இனிமே கேட்டாண்ட நிக்க வேணாம்."

செல்லியம்மாள் சிரிக்கவில்லை. கைகாலைக் கழுவிக்கொண்டு வந்து, அவனுடைய இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உழுந்து கிழுந்து எதையாவது ஒடச்சிக்கினு வந்துடாத. விழா முடியற மட்டும் பத்திரமா இரு" என்றாள்.

விழாவுக்கு முன்னால் ஒத்திகை நடந்தது. பொன்னாடைக்குப் பதில் ஒரு போர்வையை வைத்துக் காசிநாதனே தலைவராக நின்று போர்த்தினார். போர்த்திய மறு நொடி பாவாடையின் கை அதை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டது.

"டேய், பொன்னாடைய இடுப்புல கட்றியா? தலைவர் போத்தனத தலைவர் எதுருலயே அவுப்பியா? அதவிட அவமரியாத இன்னா இருக்குது?"

"தெரியாம கை போயிடுச்சிங்க."

திரும்பப் போர்த்தினார். திரும்பவும் கை போனது. எத்தனை தடவை செய்தாலும் துணி தோளில் நிற்கவில்லை. தோளில் துணியோடு பெரிய மனிதர் முன்னால் நிற்பது எப்படி என்று அவன் உடம்புக்குத் தெரியவில்லை. கடைசியில் காசிநாதன் ஒரு முடிவுக்கு வந்தார். விழா அன்று நாலு பெரிய ஊக்கு வாங்கி வைத்துக்கொள்வது, பொன்னாடை விழுந்த உடனே அதைச் சட்டையோடு சேர்த்துக் குத்திவிடுவது.

விழா வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் பிறக்கிறது. அதற்கு முன்னால் பொன்னாடை போர்த்தி, மற்ற எல்லாரும் மேடையைவிட்டு இறங்கிய பிறகு தலைவர் பொத்தானை அமுக்கி மோட்டாரை ஓட்டுவதாக ஏற்பாடு. பச்சைப் பொத்தானை ஒயர் இழுத்து மேடைக்குக் கொண்டுவந்து, சுற்றிலும் மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார்கள். சிவப்புப் பொத்தானைக் கொண்டுவரவில்லை. சுப காரியத்தில் நிறுத்துகிற பேச்சு எதற்கு என்றார் ராஜாங்கம். தலைவர் ஓட்டிய மோட்டாரை வேறு எவனும் கை வைத்து நிறுத்திவிடக் கூடாது என்று சுவிட்ச் அறையைப் பூட்டி, சாவியைக் காசிநாதன் வைத்துக்கொண்டார். அதுவும் ஒரு பாதுகாப்பு ஏற்பாடுதான்.

எல்லாரும் வலது கையை நீட்டிப் பாதுகாப்பு உறுதிமொழி எடுத்தார்கள். பிறகு காசிநாதன் பேச வந்தார்.

"பாதுகாப்பு என்றால் என்ன? விபத்து நடக்காமல் இருப்பது என்று பாமரர்கள் நினைக்கிறார்கள். அது தவறு. விபத்து நடக்கலாம், நடக்காமலும் போகலாம். அது அதன் போக்கு. பாதுகாப்பு என்பது அதற்கெல்லாம் அப்பாற்பட்டு, தன் பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்க வேண்டும்!"

கைதட்டல் வந்தது. கைதட்டலைக் கண்டதும் அவர் இன்னும் கொஞ்சம் பேசினார். அடுத்து பொன்னுரங்கம் எழுந்தார்.

"இந்த ஆலையிலே எத்தனையோ விரல்கள் போயிருக்கின்றன. நான் மறைக்கவில்லை. ஆனால் என் தலைமையில் போன ஒரு விரலையாவது நான் வீணாக விட்டிருக்கிறேனா? ஒரு விரல் போனால் ஒரு பலகை வைத்தேன். இரண்டு விரல் போனால் ஒரு கூட்டம் போட்டேன். இன்று நம்மிடம் இருக்கிற பலகைகள் இந்த மாவட்டத்திலேயே வேறு யாரிடமாவது உண்டா?"

இல்லை என்று கூட்டம் ஒப்புக்கொண்டது. அவர் இன்னும் பேசினார். ராஜாங்கம் கடிகாரத்தைக் காட்டியபோது ராகு காலத்துக்குச் சில நிமிஷங்களே மிச்சம். பொன்னாடையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தலைவர் அவசரமாகப் பச்சைப் பொத்தானை அமுக்கினார். மோட்டார் ஓடத் தொடங்கியது. மேடைமேல் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வலம்தான் சுற்றியது. அட்டை வைத்த கால் மட்டும் தடதடவென்று ஆடியது. மேளக்காரர்கள் கெட்டி மேளம் கொட்டினார்கள். தலைவர் இறங்குகிற வரைக்கும் நிறுத்தக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தது.

"அடுத்து, சிறந்த பாதுகாப்புத் தொழிலாளி திரு. பாவாடை அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்" என்றது மைக். திரு. என்பது யார் என்று பாவாடை பக்கத்தில் பார்த்தான். செல்லமுத்து அவன் முதுகில் கையை வைத்துத் தள்ளினான்.

பொன்னுரங்கம் பொன்னாடையைப் பிரித்துப் போர்த்தினார். பச்சைப் பட்டு, தங்க நிறக் கரை, இரண்டு முனையிலும் நீளமாகக் குஞ்சம். பாவாடையின் கை தோளுக்குப் போனது. அதற்குள் காசிநாதன் பாய்ந்து வந்து நாலு ஊக்கையும் குத்திவிட்டார். தியாகதுருகத்திலிருந்து வந்திருந்த போட்டோகிராபர் கேமராவை இறக்கிவிட்டு, "தலைவர் மறையறாரு. அண்ணே, நீங்க ரெண்டடி பின்னாடி போங்க" என்றார்.

பாவாடை பின்னால் போனான்.

குஞ்சம் போல்ட் முனையில் மாட்டியது. அதற்கப்புறம் பொன்னாடை தானே கப்ளிங்கில் சுற்றிக்கொண்டது. ஊக்குகள் நல்ல ஊக்குகள்; ஒன்றுகூட விடவில்லை. பாவாடை சடாரென்று குனிந்தான். காலில் விழுகிறான் என்று நினைத்துப் பொன்னுரங்கம் கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தார். "போதும், போதும், எழுந்திரு" என்றார். கூட்டம் கை தட்டியது. போட்டோவும் எடுத்தாகிவிட்டது. வலது கை துணியோடு உள்ளே போனபோது அவன் போட்ட சத்தம் மேளத்தில் அமுங்கிப்போனது.

முதலில் புரிந்துகொண்டவன் செல்லமுத்து. "நிறுத்துங்கடா! நிறுத்துங்கடா!" என்று மேடைக்கு ஓடிவந்து சிவப்புப் பொத்தானைத் தேடினான். இல்லை. சுவிட்ச் அறைக்கு ஓடினான். பூட்டு. திரும்ப ஓடிவந்து சாவியைக் கேட்டான்.

"மேனேஜர கேட்டுக்கினுதான் குடுக்க முடியும்" என்றார் காசிநாதன். அவர் குரல் நடுங்கியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நடுங்கிக்கொண்டே விதியைச் சொன்னார்.

ராஜாங்கம் பதில் சொல்வதற்குள், மோட்டாரின் காலுக்கு அடியில் இருந்த அழைப்பிதழ்கள் நழுவி வெளியே வந்து விழுந்தன. மோட்டார் ஒரு பக்கமாகத் துள்ளி, ஒயரைப் பிய்த்துக்கொண்டு நின்றது. பாவாடையின் உயிரைக் காப்பாற்றியது அந்த ஆலையில் ஒழுங்காகச் செய்யாமல் விட்ட அந்த ஒரு வேலைதான். தலைவர் மேடையை விட்டு இறங்கினார். மேளம் நின்றது.

கள்ளக்குறிச்சியில் கட்டுப் போட்டுப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். அங்கே வலது கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். செல்லியம்மாள் அவன் கட்டிலுக்குக் கீழே துணியை விரித்துப் படுத்துக்கொண்டாள். அவன் கண் விழித்ததும் முதலில் கேட்டது, "விழா முடிஞ்சிடுச்சா?" என்று. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

விசாரணைக் குழு ஒரு நாள் காரில் வந்து இறங்கியது. பொன்னுரங்கம் தலைவர், ராஜாங்கமும் காசிநாதனும் உறுப்பினர்கள். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார்கள். செல்லியம்மாள் கஞ்சி வாங்க வெளியே போயிருந்தாள். பாவாடை எழுந்து நிற்கப் பார்த்தான். படு, படு என்று பெருந்தன்மையாகச் சொன்னார் தலைவர்.

"பாவாடை, நாங்க தீர விசாரிச்சிட்டோம்" என்று ராஜாங்கம் தொடங்கினார். "மோட்டார் மேல தப்பு இல்ல. நல்ல கம்பெனி. மூடி மேலயும் தப்பு இல்ல, அது பரிசு வாங்கன மூடி. ஓடற மெஷினாண்ட தொளதொளன்னு துணி போட்டுக்கினு யாரும் நிக்கக் கூடாது. இது விதி. நீ போட்டுக்கினு நின்ன."

"ஐயாதான போத்துனீங்க?" என்றான் பாவாடை. அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. நிஜமாகவே அவனுக்குக் குழப்பமாக இருந்தது.

"போத்தறது என் கடம" என்றார் பொன்னுரங்கம். "போத்திக்கினு மெஷினாண்ட நிக்காம இருக்கறது உன் கடம. நான் என் கடமயச் செஞ்சேன்."

"ஊக்கு குத்திட்டாருங்களே."

"ஊக்கு குத்தலன்னா துணி இன்னும் லூசா இருந்திருக்கும்" என்றார் காசிநாதன். "நான் பாதுகாப்ப ஜாஸ்திதான் பண்ணேன், கம்மி பண்ணல."

பாவாடை யோசித்தான். பெரியவர்கள் மூன்று பேர் காரில் இவ்வளவு தூரம் வந்து சொல்லும்போது அதில் ஏதோ நியாயம் இருக்கத்தான் வேண்டும் என்று அவனுக்குப் பட்டது.

"அப்புறம், இன்னொரு விசியம்" என்றார் ராஜாங்கம். "தினக்கூலி மெஷின் பக்கம் வரவே கூடாது. நீ வந்துட்ட. அதயும் நாங்க பெருசு பண்ணல. ஆனா பரிசு விதிப்படி பத்து வெரல் இருக்கணும். அதனால அத வாபஸ் வாங்கி, இருக்கறவங்களுக்குக் குடுக்கும்படியா ஆயிடுச்சி. தலைவர் வேணாம் வேணான்னாரு. நாங்கதான் வற்புறுத்தினோம்."

பொன்னுரங்கம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு அடக்கமாக இருந்தார்.

"நிரந்தரம்?" என்றான் பாவாடை.

"மொதல்ல இதுல ஒரு கையெழுத்துப் போடு. தப்பு என்னுதுதான்னு நாலு வரி. இது இருந்தாத்தான் நாங்க மேல பேச முடியும்."

பேனாவை எடுத்து நீட்டினார். நீட்டிய பிறகுதான் யாருக்கு நீட்டுகிறோம் என்பது அவருக்கு உறைத்தது. பாவாடைக்கு அவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. காசிநாதனுக்குத்தான் சட்டென்று முகம் மலர்ந்தது.

"தலைவரே, கவலையே இல்ல. ஆம்பளைக்கி சட்டப்படி எடது கை பெருவெரல் ரேகதான். அது அப்படியே இருக்குது!"

நல்ல காலம் என்றார் தலைவர். வலது கையோடு போனது நிர்வாகத்துக்கு எவ்வளவு சௌகரியம் என்று அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. இடது கையாக இருந்திருந்தால் எத்தனை சிக்கல்! மைப் பெட்டி காசிநாதனிடம் தயாராக இருந்தது. பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தி, காகிதத்தில் ஒற்றினார். ரேகை துளியும் கலையாமல் விழுந்தது. துடைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு பஞ்சுத் துண்டு கொடுத்தார். பாவாடை அதை வாங்கிக்கொண்டான். பஞ்சும் மையும் ஒரே கையில் இருந்தன. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, விரலைக் கட்டில் விளிம்பில் தேய்த்தான்.

ராஜாங்கம் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.

"இப்ப நீயே ஒத்துக்கினு கையெழுத்துப் போட்டுட்ட. தப்பு ஒத்துக்கினவன நிரந்தரம் பண்ண விதியில எடமில்ல பாவாடை. நான் இன்னா பண்ணட்டும்? எனக்கும் மனசு கேக்கல" என்றார். நிஜமாகவே கேட்கவில்லை போல. மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

மூன்று பேரும் எழுந்தார்கள். கதவருகே போனதும் பாவாடை, "சார்" என்றான்.

"இன்னா?"

"அப்ப நான் பழையபடி கேட்டாண்ட வந்து நிக்கலாங்களா?"

ராஜாங்கம் தலைவரைப் பார்த்தார். தலைவர் காசிநாதனைப் பார்த்தார். அதற்கு எதிராக ஒரு விதியும் யாருக்கும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"தாராளமா நில்லு" என்றார் ராஜாங்கம். "நிக்கறதுக்குக் கை எதுக்கு?"

கார் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் செல்லியம்மாள் கஞ்சித் தூக்கோடு வந்தாள். ஆரஞ்சுப் பழத்தைப் பார்த்தாள். அவன் பெருவிரலைப் பார்த்தாள்.

"வந்தாங்களா? நிரந்தரம் இன்னா ஆச்சி? கேட்டியா?"

"கேட்டேன்."

"இன்னா சொன்னாங்க?"

"நிக்கலாமாம்" என்றான் பாவாடை.